‘ரத்தம் கம்மி’ன்னு சொல்லிட்டா போதுமா?

இந்த வாரம் பூரா எனக்கு ஒரே எரிச்சல்.

தனிப்பட்ட ஆள் மேல இல்ல. ஒரு பழக்கத்து மேல. சி.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணிப் பாக்கற டெஸ்ட்) ரிப்போர்ட்டைக் கையில வாங்கினதும் முதல் வரியை மட்டும் பாக்கறது. ஹீமோகுளோபின் கம்மியா? "ரத்தம் கம்மி, சத்து மாத்திரை போடு." அவ்ளோதான், பேப்பரை மடிச்சு பையில வெச்சாச்சு. வீட்டுல இப்படித்தான், மருந்துக்கடையில இப்படித்தான், சில சமயம் டாக்டர் ரூம்லயும் இப்படித்தான்.

அந்த முதல் வரிக்குக் கீழ இன்னும் பத்துப் பதினஞ்சு வரி இருக்குங்க. அதுக்கும் சேர்த்துத்தான் காசு கட்டியிருக்கோம்!

நான் பேத்தாலஜி டாக்டர். மைக்ராஸ்கோப் முன்னாடிதான் என் பொழுது போகும். அதனால அந்தக் கீழ் வரிகள் மேல எனக்குக் கொஞ்சம் பாசம் ஜாஸ்தி. ஒருத்தருக்கு ரத்த சோகை இருக்குன்னு முதல் வரி சொல்லும். எந்த ரத்த சோகைன்னு சொல்றது மத்த வரிங்கதான்.

சரி, எரிச்சலுக்குக் காரணம் சொல்றேன்.

தெரிஞ்சவங்க ஒருத்தர் தன் பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. 24 வயசு, கல்யாணத்துக்குப் பாத்துட்டிருக்காங்க. ஸ்கூல் படிக்கிற காலத்துலேர்ந்து "ரத்தம் கம்மி"ங்கற பட்டத்தோடயே வளர்ந்த பொண்ணு. டானிக், மாத்திரை, பீட்ரூட் ஜூஸ், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை சூப்பு... எல்லாம் ஆச்சு. எண் மட்டும் நகரவே இல்ல.

"அக்கா, இவ மாத்திரையை ஒழுங்கா போடறதே இல்லக்கா. ஏமாத்தறா."

பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "இல்ல அத்தை, தினமும் போடறேன். வயித்தை என்னமோ பண்ணும், அப்பவும் போடறேன்"னு சொன்னா. கண்ணு கலங்கிடுச்சு.

ரிப்போர்ட்டை வாங்கிப் பாத்தேன். ஹீமோகுளோபின் 11.0. பொம்பளைங்களுக்கு (கர்ப்பமா இல்லாதப்ப) உலக சுகாதார நிறுவனம் வெச்சிருக்கற கோடு 12. ஆக, ரத்த சோகைதான், லேசா. அடுத்து எம்.சி.வி. 63. சிவப்பணுவோட சராசரி அளவு அது. 80-லேர்ந்து 100 வரைக்கும் இருக்கணும். 63-ன்னா ரொம்பச் சின்ன அணுக்கள்.

ஹீமோகுளோபின் லேசாத்தான் குறைஞ்சிருக்கு, ஆனா அணு இவ்ளோ சின்னதாப் போயிருக்கு. இந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தலையேன்னு தோணுச்சு.

அதுக்கப்புறம் சிவப்பணு எண்ணிக்கையைப் பாத்தேன். 5.6. அதாவது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல 56 லட்சம் அணு. ஒரு பொண்ணுக்கு இது அதிகம். ரத்தம் கம்மின்னு சொல்லப்பட்ட பொண்ணுக்கு சிவப்பணு எண்ணிக்கை அதிகம்! எனக்கு அங்கயே பொறி தட்டிடுச்சு.

ஏன்னு சொல்றேன். இரும்புச்சத்து இல்லாதப்ப எலும்பு மஜ்ஜைக்கு ஹீமோகுளோபின் செய்யச் சரக்கு இருக்காது. அதனால அணுவும் சின்னதாகும், எண்ணிக்கையும் குறையும். தலசீமியா மரபணு ஒண்ணு (ஒண்ணே ஒண்ணு, அப்பாகிட்டேர்ந்தோ அம்மாகிட்டேர்ந்தோ) வந்தவங்களுக்குக் கதை வேற. இரும்பு நிறைய இருக்கும். ஹீமோகுளோபினோட புரதப் பகுதியைச் செய்யறதுலதான் குறை. மஜ்ஜை சின்னச் சின்ன அணுவா, ஆனா நிறையச் செஞ்சு சமாளிச்சுக்கும்.

இதைக் கணக்காப் போட்டுப் பாக்க ஒரு எளிய வழி இருக்கு. மென்ட்சர்னு ஒருத்தர் 1973-ல லான்செட் பத்திரிகையில எழுதினது. எம்.சி.வி.யை சிவப்பணு எண்ணிக்கையால வகுக்கணும். 13-க்குக் கீழ வந்தா தலசீமியா பக்கம் சந்தேகப்படு, மேல வந்தா இரும்புக் குறைபாடு பக்கம். இந்தப் பொண்ணுக்கு 63-ஐ 5.6-ஆல வகுத்தா 11 சொச்சம்.

ஒப்பிட்டுப் பாக்க, அசல் இரும்புக் குறைபாடு உள்ள ஒரு ரிப்போர்ட் எப்படி இருக்கும்னா: ஹீமோகுளோபின் 8.6, எம்.சி.வி. 70, எண்ணிக்கை 4.0. வகுத்தா 17.5. பாருங்க, இங்க அணு அவ்ளோ சின்னதா ஆகல, ஆனா ஹீமோகுளோபின் நல்லா இறங்கிடுச்சு. நம்ம பொண்ணுக்கு அப்படியே தலைகீழ்.

(இதை வெச்சு நீங்களே வீட்டுல முடிவு கட்டிடாதீங்க. இது ஒரு துப்பு, தீர்ப்பு கிடையாது. ரெண்டும் ஒருத்தருக்கே இருந்தா கணக்கு குழம்பிடும்.)

இன்னொரு வரி, ஆர்.டி.டபிள்யூ. அணுக்கள் எல்லாம் ஒரே அளவா இருக்கா, பெருசும் சிறுசுமா கலந்து கிடக்கான்னு சொல்ற எண். பெரும்பாலான லேப்ல 14.5 வரைக்கும் சரி. இரும்பு படிப்படியாக் குறையறப்ப, அந்தந்த வாரத்து அணு அந்தந்த அளவுல பிறக்கும், அதனால இந்த எண் ஏறும். தலசீமியா மரபணு உள்ளவங்களுக்குப் பிறவியிலேர்ந்தே எல்லா அணுவும் சின்னது, அதனால இது பெருசா ஏறாது. பொண்ணுக்கு 14.2.

ஃபெரிட்டின் பாக்கச் சொன்னேன். உடம்பு சேத்து வெச்சிருக்கற இரும்போட அளவு அது. 52 வந்துச்சு. நல்லா இருக்கறவங்களுக்கு 15-க்குக் கீழ போனா இரும்புக் குறைபாடுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நிறைய டாக்டர்கள் 30-லயே உஷாராயிடுவாங்க. 52-ன்னா இவளுக்கு இரும்புக்குப் பஞ்சமே இல்ல.

கடைசியா ஹெச்.பி.எல்.சி. ஹீமோகுளோபின்ல எந்தெந்த வகை எவ்ளோ இருக்குன்னு பிரிச்சுக் காட்டற டெஸ்ட். ஹீமோகுளோபின் ஏ2-ங்கற வகை 3.5 சதவீதத்துக்கு மேல இருந்தா பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமக்கறவங்கன்னு அர்த்தம். இவளுக்கு 5.2.

முடிஞ்சுது. பல வருஷமா விழுங்கின இரும்பு மாத்திரைக்கும் இவளோட ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்ல. இது வியாதிகூட இல்ல. அவ சாதாரணமா படிக்கலாம், ஓடலாம், வேலைக்குப் போலாம், குழந்தை பெத்துக்கலாம். அவளோட உடம்புக்கு 11-ங்கறதுதான் இயல்பு.

"நீ ஏமாத்தல கண்ணு. ரத்தம் ஏறாததுக்குக் காரணம் நீ இல்ல"ன்னு சொன்னேன். அந்த முகம் தெளிஞ்சதைப் பாக்கணுமே! என் எரிச்சல்ல பாதி அங்கயே போயிடுச்சு.

அவங்க அம்மா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எனக்கும் இவ வயித்துல இருக்கறப்ப ரத்தம் கம்மின்னாங்கக்கா. ஊசியெல்லாம் போட்டாங்க"ன்னாங்க. அவங்களுக்கும் எடுத்துப் பாத்தோம். அதே கதைதான். மரபணு அம்மாகிட்டேர்ந்துதான் வந்திருக்கு.

இங்க ஒரு ஆபத்தான இடம் இருக்கு, சொல்லாமப் போக முடியாது. உடம்புக்கு வேண்டாத இரும்பை வெளிய தள்ளத் தனி வழி எதுவும் கிடையாது. தேவையே இல்லாதவங்க வருஷக்கணக்கா இரும்பு விழுங்கறது நல்லதுக்கில்ல. அதே நேரம், தலசீமியா மரபணு இருக்கறவங்களுக்கு இரும்புக் குறைபாடு வரவே வராதுன்னும் இல்ல. வரும். அப்ப இரும்பு கொடுக்கத்தான் வேணும். அதைவிட முக்கியம், இரும்பு ரொம்பக் குறைஞ்சிருந்தா ஏ2 அளவு கொஞ்சம் இறங்கி, எல்லைக்கோட்டுக்குக் கீழ ஒளிஞ்சுக்கலாம். அப்படிப்பட்டவங்களுக்கு இரும்பைச் சரி பண்ணிட்டு மறுபடி ஒரு தடவை ஹெச்.பி.எல்.சி. பாக்கணும். ஆல்ஃபா தலசீமியான்னு இன்னொண்ணு இருக்கு. அதுல ஏ2 ஏறாது, மரபணு டெஸ்ட்லதான் பிடிபடும்.

சரி, வியாதியே இல்லன்னா இவ்ளோ மெனக்கெடணுமான்னு கேப்பீங்க.

கல்யாணம்தான் காரணம்.

ரெண்டு பக்கமும் இந்த மரபணு இருந்தா, ஒவ்வொரு கர்ப்பத்துலயும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தை தலசீமியா மேஜரோட பிறக்க. அந்தக் குழந்தைக்குச் சில வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்தணும், ஆயுசு பூரா. ஏத்தற ரத்தத்துலேர்ந்து சேருற இரும்பை வெளியேத்த வேற மருந்து. மஜ்ஜை மாத்தற சிகிச்சை இருக்கு (நம்ம வேலூர் சி.எம்.சி.ல பல வருஷமா பண்றாங்க), ஆனா பொருத்தமான ஆளும் வேணும், பணமும் வேணும். இந்தியாவுல நூறு பேர்ல மூணு நாலு பேர் இந்த மரபணுவைச் சுமக்கறாங்கன்னு சொல்வாங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குத் தெரியவே தெரியாது. "ரத்தம் கம்மி"ன்னு மட்டும் தெரியும்.

நம்ம ஊர்ல அத்தை பையன், மாமா பொண்ணு, தாய்மாமன்னு சொந்தத்துக்குள்ள கட்டறது இன்னும் இருக்கு. ஒரே குடும்பத்து மரபணு ரெண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு அதிகம். சைப்ரஸ்னு ஒரு குட்டித் தீவு, அங்க ஏழு பேருக்கு ஒருத்தர்கிட்ட இந்த மரபணு இருந்துச்சு. 1970கள்லேர்ந்து கல்யாணத்துக்கு முன்னாடியே டெஸ்ட்டுன்னு கொண்டு வந்தாங்க, சர்ச்சும் கூட நின்னுச்சு. தலசீமியா மேஜரோட பிறக்கற குழந்தைங்க ஏறக்குறைய இல்லன்னே ஆயிடுச்சு. நாம ஜாதகத்துல பத்துப் பொருத்தம் பாக்கறோம். பாருங்க, வேண்டாம்னு சொல்லல. கூடவே ஒரு ஹெச்.பி.எல்.சி. ரிப்போர்ட்டும் கைமாறட்டும். ஒருத்தருக்கு மட்டும் இருந்தா எந்தப் பிரச்சினையும் இல்ல, தாராளமாக் கட்டலாம். இதை வெச்சு ஒரு பொண்ணை வேண்டாம்னு சொல்றவங்களைப் பாத்தா எனக்குக் கோபம் கோபமா வரும்.

இதைப் படிச்சுட்டு "அப்ப எனக்கும் தலசீமியாதான் போல, மாத்திரையை நிறுத்திடறேன்"னு யாரும் கிளம்பிடாதீங்க தயவுசெஞ்சு. நம்ம ஊர்ல இளவயசுப் பொண்ணுங்களுக்கு வர்ற ரத்த சோகைக்கு முதல் காரணம் இரும்புக் குறைபாடுதான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல இந்தியாவுல 15-லேர்ந்து 49 வயசு வரைக்குமான பொண்ணுங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. தமிழ்நாட்டுல 53. பாதிக்கு மேல!

ஒரு சின்னக் கணக்கு சொல்றேன். ஒரு மில்லி ரத்தத்துல ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு. மாதவிலக்குல 80 மில்லிக்கு மேல போனா அதை அதிகப்போக்குன்னு சொல்வோம். 80 மில்லின்னா 40 மில்லிகிராம் இரும்பு காலி. சாப்பாட்டுலேர்ந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சறது ஒண்ணு ரெண்டு மில்லிகிராம். மாசா மாசம் வரவை விடச் செலவு ஜாஸ்தின்னா எத்தனை நாள் தாங்கும்?

அதனால இளம்பொண்ணு யார் வந்தாலும் நான் முதல்ல கேக்கறது இதைத்தான். எத்தனை நாள் போகுது? ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பேட் மாத்தற மாதிரி ஆகுதா? கட்டி கட்டியாப் போகுதா? ராத்திரி எந்திரிச்சு மாத்தறியா? பாதிப் பேர் "எல்லாருக்கும் அப்படித்தானே டாக்டர்?"னு திருப்பிக் கேப்பாங்க. இல்லம்மா. எல்லாருக்கும் அப்படி இல்ல. ஏழு நாளுக்கு மேல போறதும், கட்டியாப் போறதும் மகப்பேறு டாக்டர்கிட்டக் காட்ட வேண்டிய விஷயம். அந்த ஓட்டையை அடைக்காம இரும்பை மட்டும் ஊத்திட்டே இருந்தா நிக்காது.

அப்புறம் இன்னொரு கேள்வி. கேட்டதும் சிரிப்பாங்க.

"அரிசி திங்கறியா?"

சிரிச்சுட்டு, அம்மாவை ஒரு தடவை பாத்துட்டு, "ஆமா"ன்னுவாங்க. பச்சரிசி, பல்பம், சாக்பீஸ், விபூதி, செங்கல் தூள், ஃப்ரீசர்ல சுரண்டின ஐஸ்... இரும்பு குறைஞ்சவங்களுக்கு இந்த மாதிரி ஆசை வரும். ஏன் வருதுன்னு இன்னும் முழுசா விளங்கல, ஆனா இரும்பு ஏறினதும் பெரும்பாலும் தானா நின்னுடும். நம்ம பாட்டிங்க "அரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை பெய்யும்"னு மிரட்டுவாங்களே... எனக்கு இப்பல்லாம் கல்யாணத்துல மழை பெஞ்சா பொண்ணோட ஃபெரிட்டின் எவ்ளோ இருந்திருக்கும்னுதான் தோணும்!

சாப்பாட்டுப் பக்கம் வருவோம். பீட்ரூட்டைப் பத்தி ஒரு வார்த்தை. சிவப்பா இருக்கறதால அது ரத்தம் ஆயிடாது. 100 கிராம் பீட்ரூட்ல ஒரு மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. பிடிச்சா பொரியல் பண்ணிச் சாப்பிடுங்க, நல்ல காய்தான். ஆனா நம்ம ஊர் அசைவக்காரங்க வீட்டுல, குழந்தை பெத்தவளுக்கும் சோர்ந்து போன பிள்ளைக்கும் சுவரொட்டி வாங்கிட்டு வந்து வதக்கிக் கொடுப்பாங்க பாருங்க, அந்த ஆட்டு மண்ணீரல், அதுல நிஜமாவே இரும்பு கொட்டிக் கிடக்கு. அதுவும் உடம்பு சுலபமா எடுத்துக்கற வகை. எந்த லேபும் இல்லாத காலத்துல கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க! மண்ணீரலுக்குப் பதிலா ஈரல்னா மட்டும், கர்ப்பிணிங்க டாக்டர்கிட்டக் கேட்டுட்டுச் சாப்பிடுங்க, ஈரல்ல வைட்டமின் ஏ அதிகம்.

குறைபாடுன்னு உறுதியாயிட்டா சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேணும். அதையும் எப்படிப் போடறதுன்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. காலையில மாத்திரையை வாயில போட்டுட்டு அடுத்த நிமிஷம் டீ குடிச்சா, அந்த இரும்புல பெரும்பங்கு வீண். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எல்லாத்தையும் ஒண்ணு ரெண்டு மணி நேரம் தள்ளி வைங்க. எலுமிச்சை ஜூஸோட போட்டா நல்லது. மலம் கறுப்பாப் போகும், பயப்படாதீங்க. வயித்தைப் புரட்டினா டாக்டர்கிட்டக் கேட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம். 2017-ல சூரிச்ல இரும்பு குறைஞ்ச இளம்பொண்ணுங்களை வெச்சுப் பண்ணின ஆய்வுல, தினமும் போடறதைவிட ஒரு நாள் விட்டுப் போட்டப்ப ஒவ்வொரு மாத்திரையிலேர்ந்தும் உறிஞ்சற பங்கு கூடுதலா இருந்துச்சு. ஒரு மாத்திரை உள்ள போனதும் ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன் ஏறி, அடுத்த நாள் வரைக்கும் குடல் கதவைச் சாத்தி வெச்சிடுது, அதான் காரணம்.

சரியான நோய்க்குச் சரியான மாத்திரைன்னா ஒரு மாசத்துல ஹீமோகுளோபின் ஒண்ணு ரெண்டு கிராம் ஏறியே ஆகணும். ஏறலையா? நோயாளியைத் திட்டறதுக்கு முன்னாடி, எந்த ரத்த சோகைன்னு மறுபடி முதல்லேர்ந்து பாக்கணும். நான் இந்தப் பதிவு எழுதறதே இந்த ஒரு வரிக்காகத்தான்.

இதுவரைக்கும் அணு சின்னதாப் போற கதை. பெருசாப் போற கதை ஒண்ணு இருக்கு.

அதுல நம்ம சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. லூசி வில்ஸ்னு ஒரு இங்கிலீஷ் டாக்டரம்மா. 1928-ல பம்பாய்க்கு வந்தாங்க. அங்க மில் வேலை செய்யற ஏழைக் கர்ப்பிணிங்களுக்கு ஒரு கடுமையான ரத்த சோகை, அணுக்கள் பெருசு பெருசா இருக்கும். கிருமியோன்னு தேடினாங்க, இல்ல. சாப்பாட்டை ஆராய்ஞ்சாங்க. எலிக்கும் குரங்குக்கும் அந்தப் பொண்ணுங்க சாப்பிடற அதே சாப்பாட்டைக் கொடுத்துப் பாத்தாங்க. கடைசியில மார்மைட்னு ரொட்டியில தடவற, ஈஸ்ட்லேர்ந்து செய்யற ஒரு மலிவான பண்டம் கொடுத்ததும் ரத்தம் ஏற ஆரம்பிச்சுது. நடுவுல குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல இருந்தாங்க, 1931-ல மெட்ராஸ் கோஷா ஆஸ்பத்திரியில வேலை பாத்தாங்க. திருவல்லிக்கேணியில இன்னிக்கும் இருக்கே, கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி, அதேதான். மார்மைட்ல இருந்த அந்தப் பொருள்தான் பின்னாடி ஃபோலிக் ஆசிட்னு தெரிய வந்துச்சு. இன்னிக்கு ஒவ்வொரு கர்ப்பிணியும் போடற மாத்திரை. அந்த ஆஸ்பத்திரி வழியா பஸ்ல போறப்பல்லாம் எனக்கு அந்தம்மா ஞாபகம் வரும்.

இளவயசுல பெரிய அணு ரத்த சோகைன்னா ஃபோலிக் ஆசிட், இல்லன்னா பி12. பி12 யாருக்குக் குறையும்னா, சுத்த சைவம், அதுலயும் பால் தயிர்கூட ஒதுக்கறவங்க, சர்க்கரைக்கோ பி.சி.ஓ.எஸ்.ஸுக்கோ ரொம்ப நாளா மெட்ஃபார்மின் போடறவங்க. வயித்துல பி12-ஐ உறிஞ்ச முடியாதவங்க. இவங்களுக்கு மைக்ராஸ்கோப்புல பாத்தா வெள்ளணுவோட உட்கருகூட அஞ்சாறு துண்டாப் பிரிஞ்சு நிக்கும். விரல் முட்டியெல்லாம் கறுத்திருக்கும், நாக்கு வழவழன்னு சிவந்திருக்கும், கால் மரமரக்கும்.

அந்த மரமரப்புதான் கவனிக்க வேண்டியது. பி12 குறைஞ்சவங்களுக்கு வெறும் ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தா ரத்தம் ஏறிடும், ரிப்போர்ட் அழகா இருக்கும், ஆனா நரம்பு பாட்டுக்கு உள்ள கெட்டுட்டே போகும். ஊசி போட்டப்புறம் பி12 அளவு பாத்தா ஒண்ணும் தெரியாது. முதல்ல ரத்தத்தை எடுத்துட்டு, அப்புறம் ஊசி.

இப்ப இன்னொரு சிக்கல். ஹாஸ்டல்ல தங்கி, காலையில டீ, மதியம் லெமன் ரைஸ், ராத்திரி நூடுல்ஸ்னு ஓட்டற பிள்ளைங்களுக்கு இரும்பும் இருக்காது, பி12-உம் இருக்காது. ஒண்ணு அணுவைச் சின்னதாக்கும், இன்னொண்ணு பெருசாக்கும். எம்.சி.வி. என்ன காட்டும்? 88. "நார்மல்." ஒரு வகுப்புல பாதிப் பசங்க நாலடி, பாதிப் பசங்க ஆறடின்னா சராசரி அஞ்சடின்னு வரும், ஆனா அஞ்சடிப் பையன் ஒருத்தன்கூட அங்க இருக்க மாட்டான். இந்த ரிப்போர்ட்ல உண்மையைச் சொல்றது ஆர்.டி.டபிள்யூ.தான், 20-க்கு மேலகூடப் போய் நிக்கும். அப்புறம் ஸ்மியர். கண்ணாடித் துண்டுல ஒரு சொட்டு ரத்தத்தைத் தடவி, சாயம் போட்டு, மனுஷக் கண்ணால பாக்கறது. மெஷின் எவ்ளோ வந்தாலும் இதுக்கு ஈடு இல்லன்னு நான் அடிச்சுச் சொல்வேன். செலவும் கம்மி. அடுத்த தடவை "ஸ்மியரோட சேத்து எழுதிக் கொடுங்க"ன்னு கேளுங்க.

அணு அளவு சரியா இருந்தும் ரத்தம் குறையறவங்க வேற வகை. அங்க நான் தேடற எண், ரெட்டிக் எண்ணிக்கை. புதுசாப் பிறந்த சிவப்பணு எவ்ளோன்னு சொல்றது. சிவப்பணுவுக்கு ஆயுசு 120 நாள். அதுக்கு முன்னாடியே உடைஞ்சா மஜ்ஜை அவசர அவசரமாப் புதுசை அனுப்பும், ரெட்டிக் ஏறும். வெளுப்போட லேசா மஞ்சளும் சேந்து தெரியும். இந்தப் பிள்ளைங்களைத்தான் வருஷா வருஷம் மஞ்சக்காமாலைன்னு சொல்லி கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்துட்டிருப்பாங்க. 20 வயசுல பித்தப்பைக் கல்லு, வீங்கின மண்ணீரல், அப்பாவுக்கும் இதே மாதிரின்னா, அணு உருண்டையாப் போற பரம்பரைக் கோளாறான்னு பாக்கணும். திடீர்னு வந்ததுன்னா, உடம்பே தன்னோட சிவப்பணுவைத் தாக்குதான்னு பாக்கற கூம்ப்ஸ் டெஸ்ட். நீலகிரி, கூடலூர் பக்கத்துப் பழங்குடிப் பிள்ளைன்னா அரிவாள் செல் ரத்த சோகை இருக்கான்னு கட்டாயம் பாக்கணும். இந்தியாவுல அது இருக்குன்னு 1952-ல முதல்ல எழுதினதே நீலகிரி மக்களைப் பரிசோதிச்சுத்தான். ரத்தம் ஏத்தற நிலைமை வந்தா, ஏத்தறதுக்கு முன்னாடியே இந்த டெஸ்ட்டுக்கு சாம்பிள் எடுத்து வெச்சிடணும். ஏத்தினப்புறம் எடுத்தா, கொடுத்தவங்க ரத்தமும் சேந்து டெஸ்ட்ல வரும்.

சிவப்பணு, வெள்ளணு, தட்டணு மூணும் சேந்து குறைஞ்சிருந்தா, ஈறுல ரத்தம், காரணமில்லாத நீலத் தழும்பு, விடாத காய்ச்சல் இருந்தா, மாத்திரை வாங்கிப் போட்டுப் பாக்கலாம்னு ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க. அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரி. பி12 குறைபாடுகூட இப்படி வரும், மஜ்ஜையோட பெரிய நோய்களும் இப்படி வரும். ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல ஆள் வேணும்.

கடைசியா பசங்க.

பையனுக்கு இரும்புக் குறைபாடுன்னா எனக்கு மனசு சமாதானமே ஆகாது. அவனுக்கு மாதவிலக்கு இல்ல, பிரசவம் இல்ல. அப்ப இரும்பு எங்க போகுது? எங்கயோ கசியுது, இல்ல குடல் உறிஞ்சலை. வயித்துப்புண், வலி மாத்திரைப் பழக்கம், கொக்கிப்புழு, குடல் நோய், மூலம். கண்டுபிடிச்சே ஆகணும்.

சமீபத்துல ஒரு பையன் வந்தான், ஜிம்முக்குப் போற வாட்டசாட்டமான உடம்பு, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதுங்கறான். ஹீமோகுளோபின் 7.9. எம்.சி.வி. 66, எண்ணிக்கை 3.9. ஃபெரிட்டின் தரையைத் தொட்டுட்டிருக்கு. சாப்பாடெல்லாம் நல்லாத்தான் சாப்பிடறான், முட்டை, கறி எல்லாம். கூட வந்த அம்மாவைக் கொஞ்சம் வெளிய உக்காரச் சொல்லிட்டு, "தம்பி, பாத்ரூம் போறப்ப ரத்தம் போகுதா?"ன்னு கேட்டேன்.

ரொம்ப நேரம் தரையைப் பாத்துட்டு இருந்தான். "ரெண்டு வருஷமா போகுது மேடம். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

யார்கிட்டயாவது சொல்லுங்கப்பா. அண்ணன்கிட்ட, டாக்டர்கிட்ட, லேப்ல ரத்தம் எடுக்கறவங்ககிட்டயாவது. இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. சர்ஜன்கிட்ட அனுப்பினோம், குடலுக்குள்ளயும் கேமரா விட்டு வேற எதுவும் இல்லன்னு உறுதி பண்ணிட்டு, மூலத்துக்கு வைத்தியம் பாத்தாங்க. இரும்பும் ஆரம்பிச்சாச்சு. இப்போதைக்கு 12.4. ஆம்பளைங்களுக்கு 13 வேணும், அதனால இன்னும் கொஞ்சம் பாக்கி. அந்த 13-ஐத் தொட்டப்புறமும் மாத்திரையை உடனே நிறுத்த வேண்டாம், சேமிப்பு நிரம்பற வரைக்கும் இன்னும் மூணு மாசம் போடணும்னு எழுதிக் கொடுத்திருக்கு.